அம்மாவுக்குக் கருவாடு நாறிய பருவம்

என் மகன் வேலையை உதறிவிட்டு, மனைவியையும் மகளையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பி மாதக்கணக்காகிறது. வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கிறதாம். போகிற ஊரிலெல்லாம் சந்தையைத் தேடிப் போய், அங்கே கிடைப்பதை வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டு, அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறார்கள். தருமபுரத்தில் என் வீட்டுக்கு மாலையில் வந்து உட்காரும் உங்களுக்கு நான் அந்தப் படங்களைக் காட்டுகிறேன். நீங்களும் வாயைப் பிளந்து பார்க்கிறீர்கள். "நம்ம காலத்துல இப்படி உண்டா?" என்று நேற்று ஒருவர் கேட்டாரே, அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியிலேயே ஆளாளுக்கு உங்கள் கதையை ஆரம்பித்துவிடுவீர்கள். எழுதிக் கொடுத்தால் குறுக்கே பேச முடியாது.

உண்டு. நானும் வேனில் வாழ்ந்திருக்கிறேன். ஒரு ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும், சந்தை சந்தையாக, குடும்பத்தோடு. யாரும் படம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீடு அப்போது காரைக்கால் கடற்கரையில் இருந்தது. அந்த வருஷம் ஆடியில் அப்பாவின் படகு அரசலாற்று முகத்துவாரத்தில் மணல்திட்டில் மோதிப் பிளந்துபோயிற்று. அப்பா கரையேறிவிட்டார். படகு ஏறவில்லை. படகு இல்லாத அப்பாவை நான் அதற்குமுன் பார்த்ததே கிடையாது. அதிகாலையில் பழக்கத்தில் எழுந்துவிடுவார். எழுந்து, வாசலில் நின்று, கடலைப் பார்த்துவிட்டு மறுபடி வந்து படுத்துக்கொள்வார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அத்தை அந்த யோசனையைச் சொன்னார்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கணவரைச் சின்ன வயதிலேயே இழந்தவர், கருவாட்டு வியாபாரம் செய்து தனியாகப் பிழைத்தவர். கோடையில் வாங்கிக் காயவைத்து அடுக்கி வைப்பார், மழைக்காலத்தில் கடல் கொந்தளித்து மீன் வரத்து நின்றதும் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்ச் சந்தைகளுக்குக் கொண்டுபோவார். பஸ்ஸில் கூடையை ஏற்ற விடாமல் கண்டக்டர்கள் படுத்தும் பாடு அவருக்கு அலுத்துப்போயிருந்தது. "ஒரு வேனப் புடிப்போம்டா தம்பி. மூட்டைய ஏத்திக்கிட்டு எல்லாருமே போயிடுவோம். ஒரு ஊர்ல திங்கக்கெழம சந்தை, அடுத்த ஊர்ல செவ்வாக்கெழம. சந்தை கூடவே நாமளும் போவோம். ஊட்டுல ஒக்காந்து கடலையே பாத்துக்கிட்டு இருந்தா படகு வந்துடுமா?" என்றார். புரட்டாசி முழுக்க வாயைக் கட்டியிருந்த சனங்கள் ஐப்பசி பிறந்ததும் கருவாட்டுக்குப் பறப்பார்கள் என்பது அத்தையின் கணக்கு. அது சரியான கணக்குதான்.

போலகத்தில் ஒரு விவசாய வீட்டுப் பிள்ளை பழைய வேன் ஒன்று வைத்திருந்தார். அவரே டிரைவர். பின்னால் பாதிக்கு மூட்டைகள், மீதிப் பாதியில் நாங்கள். அம்மாவின் தகரப் பெட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு இரும்புச் சட்டி, பச்சை எனாமல் கிண்ணம் ஒன்று. அந்தக் கிண்ணத்தை மறந்துவிடாதீர்கள், மறுபடி வரும். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதற்கு யாரும் கவலைப்படவில்லை. நான்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கவலைப்படாமல் இருந்தேன்.

ஒருத்திதான் நான். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு தங்காமல் போயிற்று. அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டார்கள். ஆனால் என் சின்ன வயதுச் சட்டைகளை அம்மா யாருக்கும் கொடுத்ததில்லை. அந்தத் தகரப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்தார். வேனில் ஏறும்போதும் அந்தப் பெட்டியைத்தான் முதலில் ஏற்றினார். இன்னொரு பிள்ளை வேண்டும் என்பது அம்மாவுக்கு எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும்.

காரைக்கால் எல்லையைத் தாண்டும்போது சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் அப்போது மதுவிலக்கு. காரைக்கால் வண்டி என்றாலே உள்ளே பாட்டில் இருக்கும் என்று நினைப்பு. நீளமான இரும்புக் கம்பியை எடுத்து மூட்டைகளைக் குத்திப் பார்ப்பார்கள். அத்தை பக்கத்தில் நின்று, "குத்துங்க சார், நல்லாவே குத்துங்க. உள்ள கெடக்கறது செத்த மீனு, அதுக்கு வலிக்கவா போவுது" என்பார். குத்தியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டி எங்களைப் போகச் சொல்லிவிடுவார்.

எங்கள் டிரைவர் நிலைமையும் அதேதான். நெல்லும் வைக்கோலும் மணந்த வீட்டில் வளர்ந்தவர் பாவம். துண்டில் எலுமிச்சம்பழத்தை முடிந்து மூக்கோடு கட்டிக்கொண்டு ஓட்டுவார். முதல் நாளே அத்தை கேட்டுவிட்டார்.

"ஏன் தம்பி, ஒனக்கு எத்தனாவது மாசம்?"

"என்னாக்கா சொல்றீங்க?"

"எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குக் கருவாடு நாறவே நாறாது. அப்படி என்னைக்காச்சும் நாறுச்சுன்னா உண்டாயிருக்கான்னு அர்த்தம். உள்ள வந்திருக்கறது ஊருக்குப் புதுசு இல்லியா? அதுக்குத்தான் நாறும், அவளுக்கு இல்ல. நீ வேற துண்டக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கியே, அதான் கேட்டேன்."

வேன் முழுக்கச் சிரிப்பு. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அத்தை சொன்னது வேடிக்கைக்காக மட்டும் இல்லை. எங்கள் கருவாட்டு வீடுகளில் அது பெரிய நம்பிக்கை. நாள் தள்ளிப்போவதைக்கூட அடுத்ததாகத்தான் எண்ணுவார்கள். முதல் சாட்சி மூக்குதான்.

அம்மாவின் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது வாளையா பன்னாவா என்று சொல்லிவிடுவார். ஈரம் பட்ட மூட்டை எது என்று அவர்தான் கண்டுபிடித்து வெயிலில் போடச் சொல்வார். "உப்பு கம்மி", "உப்பு தூக்கல்" என்று முகர்ந்தே சொல்வார். அத்தைக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பேரளம், பூந்தோட்டம், குடவாசல், வலங்கைமான் என்று அந்தப் பக்கம் சுற்றினோம். சந்தை முடிந்ததும் ஏதாவது அரிசி ஆலைக் களத்து ஓரத்தில் வேனை நிறுத்திக்கொள்வோம். மழை வந்தால் ஆலையின் தகரக் கூரைக்கு அடியில். நெல் அவியும் வாசனையும் எங்கள் கருவாட்டு வாசனையும் கலந்து வரும். பாதி வியாபாரம் பண்டமாற்றுதான். ஒரு கை நெத்திலிக்கு ஒரு மடி கத்திரிக்காய், திருக்கைத் துண்டுக்கு அவரையும் மொச்சையும். அதை வைத்து அம்மா வைக்கும் குழம்பு ஊருக்கு ஊர் மாறும். ஒரு ஊர்ப் புளி கருப்பாகத் தித்திக்கும், இன்னொரு ஊர்ப் புளி பல்லைக் கூசவைக்கும். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை மிளகாய்த்தூள் தடவி இலையில் தருவார்கள். வாய்க்குள் அடங்காத பொரி உருண்டை. சுக்குக்காப்பி. தட்டுக்கூடையில் ஈரத்துணி போட்டு மூடிய இட்லி. என் பேத்தி அனுப்புகிற படத்தில் சாப்பாட்டுக்கு மேல் பூவெல்லாம் தூவியிருக்கிறது. எங்களுக்குத் தூவ ஒன்றும் இல்லை. பசி இருந்தது, சாப்பிட்டோம், ருசியாக இருந்தது.

அந்தக் கொஞ்ச நாள்தான் முழுச் சந்தோஷம். அப்பா மறுபடி சிரிக்கப் பழகியிருந்தார்.

ஒரு காலையில் சந்தைக்கு மூட்டை பிரித்தோம். நெத்திலி மூட்டை. அம்மா குனிந்து ஒரு பிடி அள்ளியவர் அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினார். வேனின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அத்தை நெத்திலியை அள்ளி முகர்ந்து பார்த்தார். நல்ல சரக்கு. அம்மாவிடம் போய் முதுகைத் தடவி, "என்னாடி பண்ணுது?" என்றார்.

"என்னமோ அண்ணி, நாறுது."

"என்னா சொன்ன?"

"கருவாடுதான் அண்ணி. பொறுக்க முடியாம நாறுது."

அத்தை இரண்டு கையையும் தூக்கிச் சந்தையே திரும்பிப் பார்க்கும்படி அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா பயந்துபோய் ஓடிவந்தார். அத்தை சொன்னதும் என்ன செய்வதென்று தெரியாமல் தலைத்துண்டை அவிழ்த்தார், மறுபடி கட்டினார், மறுபடி அவிழ்த்தார். டிரைவர் அம்மாவின் எதிரே போய் நின்று, தன் துண்டில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். "இந்தாங்கண்ணி. இனிமே ஒங்களுக்குத்தான் வேணும்." அம்மா அதை வாங்கிக்கொண்டு அழுதார். எத்தனை வருஷத்து அழுகையோ அது.

ஆடியிலிருந்தே தூரம் நின்றிருந்தது என்பதை அம்மா அன்றைக்குத்தான் அத்தையிடம் சொன்னாராம். அத்தை பின்னால் எனக்குச் சொன்னது. சொன்னால் தங்காதோ என்று அம்மா மூடி வைத்திருந்திருக்கிறார்.

அன்றிலிருந்து எங்கள் பயணத்தின் போக்கே மாறிவிட்டது. எங்கே கருவாடு விலை போகும் என்று பார்த்தது போய், அம்மாவுக்குக் கேட்டது எங்கே கிடைக்கும் என்று பார்த்து வேன் ஓடியது. ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று அத்தை பயமுறுத்தியிருந்தார். நெல்லிக்காய் கேட்டால் நெல்லிக்காய். நாரத்தங்காய் கேட்டால் நாரத்தங்காய். அப்பா அந்தப் பச்சை எனாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்குள் போவார், அது நிறையாமல் வரமாட்டார். அம்மா ஒன்றை எடுத்து வாயில் வைப்பார், முகம் சுளிப்பார், எனக்குக் கொடுத்துவிடுவார். அந்தப் பருவத்தில் அத்தனை சந்தைகளின் ருசியையும் தின்றவள் நான்தான். ஒருமுறை, எங்கள் பக்கத்து வாடா வேண்டும் என்றார். அரிசிமாவில் வெங்காயம் வைத்து, மேலே ஒரு இறாலைப் பதித்துப் பொரிப்பார்களே, அதுதான். கடல் இல்லாத ஊரில் அதற்கு எங்கே போவது? டிரைவர் அன்றைக்கே பஸ் ஏறிக் காரைக்கால் போய் வாங்கி வந்தார். அம்மாவுக்கு அதன் மணம்கூட ஒத்துக்கொள்ளவில்லை. டிரைவர் முகம் வாடியதைப் பார்த்து, "நாளைக்குச் சாப்புடறேன் தம்பி" என்று சொன்னார்.

அம்மா மெலிந்தார். "உள்ள இருக்கறது எல்லாத்தையும் வாங்கிக்குது" என்றார் அத்தை. மத்தியானமே தூங்கினார். "அப்படித்தான் அசத்தும்" என்றார். உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்துகொண்டார். "முடி மொளைக்குது புள்ளைக்கு" என்றார். எல்லாவற்றுக்கும் அத்தையிடம் ஒரு பதில் இருந்தது, எல்லாப் பதிலும் சந்தோஷமான பதில். யார்தான் சந்தேகப்படுவார்கள்?

மஞ்சள் விஷயம்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அம்மா தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பவர். கருவாட்டுக்கும் உப்போடு மஞ்சள் போட்டுப் பிசறுவோம், எங்கள் வீட்டில் எல்லார் விரலும் எப்போதும் மஞ்சள்தான். அம்மா முகம் நாளுக்கு நாள் மஞ்சளாக மின்னியபோது அத்தை என்னிடம் காட்டிச் சொன்னார்: "பாத்தியாடி ஒங்கம்மாள? பூசுன மஞ்ச எப்படி நிக்குது! வயித்துக்காரிக்குத்தான் இப்படி நிக்கும்." நானும் பெருமையாகப் பார்த்தேன். என் அம்மா அவ்வளவு அழகாக இருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வயிறும் தெரிய ஆரம்பித்தது. மழை பெய்யும் பகலில் மூட்டைகளில் சாய்ந்து படுத்திருப்பார். நான் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே தண்ணீர் அலம்புகிற மாதிரி இருக்கும். "நீந்துதும்மா" என்பேன். "கடக்கரைப் புள்ளைல்ல, நீந்தாம என்ன பண்ணும்?" என்பார். டிரைவர் அதற்குச் சந்தைப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சந்தைப்பிள்ளைக்குக் கொய்யா வேணுமாம், சந்தைப்பிள்ளை உதைக்கிறானாம். தகரப் பெட்டியிலிருந்து என் பழைய சட்டைகள் வெளியே வந்து, வேனின் கம்பியில் துவைத்துக் காயப்போடப்பட்டன.

மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்யக்கூடாது என்று, கார்த்திகைக் கடைசியில் ஒரு சந்தை நாளில் அம்மாவுக்கு வளையல் போட்டார்கள். அத்தைக்குத்தான் எல்லாச் சந்தையிலும் சிநேகிதம் உண்டே. கீரை விற்பவர் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தார். பொரி விற்பவரின் மனைவி சர்க்கரைப் பொங்கல். சட்டிபானை விற்பவர் வீட்டிலிருந்து தயிர்ச்சோறு. கருவாட்டு மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சாக்கை விரித்து அம்மாவை உட்காரவைத்தார்கள். வியாபாரத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்கள் எல்லாரும். ஊரும் தெரியாது, உறவும் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிற முகங்கள். அவ்வளவு பேர் அம்மா கன்னத்தில் சந்தனம் தடவினார்கள்.

வளையல்காரர் பெரியவர். அம்மா கையைப் பிடித்து வழக்கமான அளவில் ஒன்றைப் போட்டார், அது முழங்கை வரை ஓடியது. அதற்குச் சின்னதும் ஓடியது. கடைசியில், சிறுமிகளுக்கு வைத்திருந்த கம்பியிலிருந்து உருவினார். பச்சையும் சிவப்புமாக அந்த வளையல்கள் அம்மா கையில் சரியாக நின்றன. அவர் மணிக்கட்டை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிள்ளை உண்டானவர்களின் கை பூரிக்கும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் அத்தனை சிரிப்புக்கு நடுவில் அவர் என்ன சொல்வார்? "நல்லா சாப்புடும்மா" என்றார். எனக்கும் அதே கம்பியிலிருந்து இரண்டு போட்டுவிட்டார். அம்மாவும் நானும் ஒரே அளவு வளையல் போட்டிருந்தோம். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

மார்கழியில் அம்மாவின் கால் வீங்கியது. பேசிக்கொண்டே இருக்கும்போது பேச்சு குழறியது. ஒரு நாள் காலையில் மூக்கில் ரத்தம் வந்து நிற்கவே இல்லை. அப்பா பாதி பிரித்த மூட்டைகளை அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு வேனைக் காரைக்காலுக்குத் திருப்பச் சொன்னார். சோதனைச் சாவடியில் கம்பியோடு வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி மஞ்சளா இருக்கு?" என்று கேட்டார்.

"மஞ்ச பூசியிருக்குங்க. தெனம் பூசும்" என்றார் அத்தை, பெருமையாகவே.

டாக்டர் பஞ்சை நனைத்து அம்மாவின் நெற்றியையும் கன்னத்தையும் துடைத்தார். பஞ்சில் கொஞ்சம் மஞ்சள் வந்தது. முகத்தில் இருந்த மஞ்சள் அப்படியே இருந்தது. அத்தை வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டார்.

வராந்தாவில் வைத்து அப்பாவிடம் சொன்னார்கள். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், என்னை யாரும் போகச் சொல்லவில்லை. பிள்ளை இல்லை. ஈரல் முழுக்கக் கெட்டுப்போயிருக்கிறது. வயிற்றில் இருப்பது நீர். ரொம்ப நாள் ஆகிவிட்டது, முன்னமே வந்திருக்க வேண்டும். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செத்த நல்லா பாத்துச் சொல்லுங்க சார்" என்றார். "நாங்க வளையல்லாம் போட்டுட்டோமே."

டாக்டர் அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். அப்பா சுவரோரம் குந்திவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். "அவகிட்ட யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அந்தப் புள்ளைய நெனச்சுக்கிட்டாச்சும் நல்லபடியா இருக்கட்டும்" என்றார். அத்தை தலையாட்டினார். டிரைவர் திரும்பி நின்றுகொண்டார். அப்பா எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று புரிந்தது.

அம்மாவின் வயிற்றிலிருந்து நீரை எடுத்தார்கள். "பனிக்கொடத்துல தண்ணி ஜாஸ்தியாம். கொஞ்சம் எடுத்துருக்காங்க, புள்ள நல்லாருக்காம்" என்றார் அப்பா. அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அம்மா முகத்தைப் பார்க்காமல் கட்டில் காலைப் பார்த்துச் சொன்னார். அம்மா "சரிங்க" என்றார். அப்பா தினமும் பச்சைக் கிண்ணத்தில் ஏதாவது வாங்கி வருவார். "சந்தைப்பிள்ளைக்கு" என்பார். சொல்லிவிட்டு உடனே வெளியே போய்விடுவார்.

ஒரு மத்தியானம். அத்தை வெந்நீர் வாங்கப் போயிருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளுக்கு வீட்டிலிருந்து கஞ்சியும் சுட்ட கருவாடும் வந்தது. இலையைப் பிரித்ததும் வார்டு முழுக்க மணம். நான் பதறிப்போய் அம்மாவுக்கு வாந்தி எடுக்கப் பாத்திரத்தைத் தேடினேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்தார். "நெத்திலி" என்றார். இன்னொருமுறை இழுத்தார். "உப்பு தூக்கல்."

"நாறலையாம்மா?"

"நாறலடி."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். கை மெதுவாக வயிற்றின் மேல் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை, தட்டையாக இருந்தது. கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. நான் துடைத்தேன். டாக்டர் சொல்லியிருந்தால்கூட அம்மா நம்பாமல் இருந்திருப்பார். மூக்கு சொன்னதை எங்கள் வீட்டுப் பெண் எப்படி நம்பாமல் இருப்பாள்?

"போயி ஒரு துண்டு கேட்டு வாங்கிட்டு வா" என்றார். பக்கத்துக் கட்டில் அம்மாள் இலையோடு எடுத்துக் கொடுத்தார், கொஞ்சம் கஞ்சியும் ஊற்றிக் கொடுத்தார். கஞ்சியில் தொட்டு ஊட்டினேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மா ஒரு வாய் சோற்றை முகம் சுளிக்காமல் விழுங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வளையல்களைக் கையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். தானாகவே உருண்டு வந்தன. என் கையில் போட்டுப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்ப எடுத்துத் தன் கையிலேயே போட்டுக்கொண்டார்.

"வாணாம். அப்பா பாத்தா கேப்பாரு" என்றார். "அவரு எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டு நடிக்கிறாரு பாரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவாரு. நீ சொல்லிடாதடி கண்ணு."

அப்போது அப்பா வந்தார், கையில் கிண்ணத்தோடு. வார்டில் இன்னும் அந்த மணம் இருந்தது. அவர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சியதை நான் பார்த்தேன், அம்மாவும் பார்த்தார். உடனே அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் புடவையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"ஐயே, அத அந்தாண்ட எடுத்துட்டுப் போவச் சொல்லுங்க. நாறுது" என்றார்.

அப்பாவின் முகம் அப்போது தெளிந்ததே, அதை என்னால் எழுத முடியவில்லை. வேகமாகப் போய் ஜன்னலைத் திறந்தார். துண்டால் விசிறினார். "அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கும்" என்று விசிறிக்கொண்டே இருந்தார். அம்மாவின் உதட்டோரம் கஞ்சிப் பருக்கை ஒன்று ஒட்டியிருந்தது. அதை அவர் பார்ப்பதற்கு முன் நான் துடைத்துவிட்டேன்.

பொங்கலுக்கு முன்பே அம்மா போய்விட்டார். வளையல்கள் அவர் கையோடு போயின. தகரப் பெட்டியை அப்பா பூட்டினார், சாவி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பெட்டியும் ஒரு புயலில் வீட்டோடு போயிற்று. அத்தை கருவாட்டு வியாபாரத்தை விட்டுவிட்டார். கடைசிவரை மஞ்சள் கிழங்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போலகத்து டிரைவர் வேனை விற்றுவிட்டு வயலுக்குத் திரும்பினார், என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினார்.

எனக்கு முதல் பிள்ளை உண்டானபோது நான் நம்பவில்லை. கருவாடு நாறவே இல்லை, நன்றாக மணத்தது. பிறக்கும் வரை தினமும் முகர்ந்து பார்த்து அழுதிருக்கிறேன். அந்தப் பிள்ளைதான் இப்போது வேனில் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

அப்பாவிடம் முன்னமே சொல்லியிருக்கலாமா என்று யோசித்திருக்கிறேன். அம்மாவிடம் அப்பாவும், அப்பாவிடம் அம்மாவும் மறைக்காமல் இருந்திருந்தால், அந்தக் கடைசி நாட்களில் இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறையாவது அழுதிருப்பார்கள். தனித்தனியாக அழுதார்கள். அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்த அன்பு அப்படி இருந்தது.

அப்பா நீண்ட நாள் இருந்தார். கடைசிக் காலத்தில் தருமபுரத்தில் என்னோடுதான். நினைவு தப்பித் தப்பி வரும். ஒரு மாலை நான் அடுப்பில் நெத்திலி சுட்டுக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து கூப்பிட்டார். போனேன்.

"ஒங்கம்மாவுக்குத் தெரியாமத்தாம்மா போச்சு. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்றார். "கடைசி வரைக்கும் அவளுக்கு நாறிக்கிட்டேதான இருந்துச்சு? நீயும் பாத்தியே."

"ஆமாப்பா" என்றேன். "நாறிக்கிட்டேதான் இருந்துச்சு."